நனைந்த சீவாளி

காலையிலிருந்தே தூர்டிஸின் வாயில்
ஒரு சீவாளி ஊறுகிறது.
அதைக் கடித்தபடி சொன்னதால்தான்
"டிரம்ஸ்காரருக்கு இறால் ஆகாது" என்பது
சமையலறைக்கு வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது.
போலந்திலிருந்து இரண்டு விமானம், ஒரு படகு
மாறி வந்த போகுஸ்வாவ்
குவித்துவைத்த இறாலைப் பார்த்தபடி
ரொட்டியும் வெண்ணெயும் தின்றார்.

விழாக்குழு அவளிடம் ஒப்படைத்தது ஒரு வெள்ளிக்கிழமை,
ஸ்வோல்வார் துறைமுகத்தின் பழைய மீன் உறைகூடம்,
இரண்டு பேரை அழைக்கவே போதுமான பணம்.
"தெரிந்த பெயர் ஒன்றாவது இருக்கட்டும்" என்றார் தலைவர்.
யாருக்குத் தெரிந்த பெயர் என்று சொல்லவில்லை.
சுவரொட்டி வந்தது.
எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில்:
ஓட்வார் ஹெல்ஸ்கூக்.

ஓட்வாரை இங்கே யாருக்குத் தெரியாது?
எலெக்ட்ரீஷியன்.
எங்கள் எல்லோர் வீட்டு ஹீட்டரும்
அவர் கையால் அடிவாங்கியதுதான்.

நான் கோட்டு வாங்கி மாட்டுகிறவள்.
நூற்றிரண்டு கொக்கி. பனிமழை இரவு.
நனைந்த கம்பளி
ஆட்டுக்கிடைபோல் வீசியது.
என் இடத்திலிருந்து பாதி மேடைதான் தெரியும்.
அந்தப் பாதியில் ஓட்வார்,
இஸ்திரி போட்ட சட்டையில்,
சுவிட்சுப் பலகை முன்னால்,
கல்யாண மாப்பிள்ளைபோல் வியர்த்துக்கொண்டு.

முதல் குளிரூட்டியைப் போட்டார்.
அது உறுமி, உறுமலைக் கண்டுபிடித்து, அதில் நின்றது.
போர்ட்டோவின் கிலெர்மினா
தன் பாஸின் தடித்த நரம்பைத் தளர்த்தித் தளர்த்தி
அதன் அடியில் போய்ப் படுத்தாள்.
இரண்டாவது இயந்திரத்துக்கு
போகுஸ்வாவ் ஈரவிரலால் சிம்பலைத் தடவினார்.
மூன்றாவது ஓடவில்லை.

யாரும் மூச்சுவிடவில்லை.
ஓட்வார் நடந்து போய்
உள்ளங்கையால் அதன் விலாவில் ஓங்கி ஒன்று வைத்தார்.
கூடமே சிரித்தது.
பிறகு அது முனகத் தொடங்கியதும்
சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

இந்த முனகலுக்கு எதிராகத்தான்
ஒன்பது வருஷம், இரண்டு ஷிப்டு,
காதில் பஞ்சு வைத்துக்கொண்டு
காட் மீனை அட்டைப்பெட்டியில் அடுக்கினேன்.
பிடித்திருந்ததா என்றால்
சொல்லத் தெரியவில்லை.
நான்கு பேர் நடுவில் கோட்டுக் கேட்டார்கள்.
அதில் ஒருவர் தலைவர்.
வெளியே எட்டிப் பார்த்துவிட்டு
கோட்டைத் திருப்பித் தந்தார்.

தூர்டிஸ் மேடையில் இல்லை.
என் பக்கத்தில், கோட்டுகளுக்கிடையில்,
கழுத்தில் சாக்ஸபோன் தொங்க.
மேடை காலியாகும்போதெல்லாம்
நூறு தலை இந்தப் பக்கம் திரும்பும்.
அவள் ஓர் ஓவர்கோட்டின் பின்னால்
இன்னும் அரையடி ஒதுங்குவாள்.

"நீ போகலையா?"
சீவாளியை எடுத்து விளக்கில் பிடித்துக் காட்டினாள்.
நுனியிலிருந்து அடிவரை ஒரு விரிசல்.
"எப்போ உடைஞ்சது?"
"போன வாரம்."

கூட்டம் கலைந்தபோது அவள் கோட்டுக்குச் சீட்டில்லை,
எங்கோ தொலைத்திருந்தாள்.
பை முழுக்கத் துழாவிவிட்டு
சீட்டுக்குப் பதிலாகச் சீவாளியை வைத்துவிட்டுப் போனாள்,
சாக்ஸபோனைக் குழந்தைபோல் கோட்டுக்குள் போட்டு
பொத்தானிட்டுக்கொண்டு.

வரிசை கொஞ்சம் விட்ட நேரம்
அதை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
மூங்கில். ஆறிய காப்பி. வேறொன்றுமில்லை.
துப்பியிருக்கலாம்.
அதற்குள் ஓட்வார் வந்து நின்றார்,
சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, கை நீட்டி.
"எங் எங்ங?" என்றேன்.

அவர் ஒரு கணம் காதைச் சாய்த்தார்.
"இன்னொரு தடவை சொல்" என்றார்.