வடிகால் 4821

மாநகராட்சி வரைபடத்தில் இதற்குப் பெயரில்லை.
வடிகால் 4821, அவ்வளவுதான்.
டாண்டினோங் தண்டவாளத்துக்குப் பின்னால்
டயர் கடைக்கும் கார் நிறுத்தத்துக்கும் நடுவே
நானூறு மீட்டர் மட்டும் வானம் பார்த்த தண்ணீர்.
மற்றதெல்லாம் சிமெண்ட் குழாய்க்குள்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை எட்டு மணி.
டிராகனா வலையைப் பிடிக்க
நான் மேல்நீரில் நின்று கல்லை உதைப்பேன்,
ஒரு நிமிடம், கடிகாரம் பார்த்து.
பிறகு வெள்ளைத் தட்டு,
ஐஸ்கட்டி வார்க்கும் அச்சு, பிளாஸ்டிக் கரண்டி.
பிரிட்ஜில் இருக்கவேண்டிய சாமான்களோடு
ஆற்றங்கரையில் இரண்டு பெண்கள்.
நாய் நடத்துகிறவர்கள் தங்கம் அரிக்கிறோமா என்பார்கள்.

ரத்தப்புழுவுக்கு மூன்று புள்ளி.
அது எதையும் சகிக்கும்; அதனால்தான் மதிப்பில்லை.
நத்தைக்கு ஒன்று. அட்டைக்கும் ஒன்று.
மேஃபிளைக் குஞ்சுக்கு எட்டு.
பெயரில் மே இருக்கிறது,
இங்கே மே என்றால் இலையுதிர்காலம்.
தமிழில் என்னவென்று தெரியாமல்
மூவாலி என்று வைத்துக்கொண்டேன்.
போன மாதம் பதினொரு மூவாலிகள்.
கூடவே ஒரு கூடுசுமப்பான்,
மணலோடு சாலைக்கோட்டின் கண்ணாடித் துகளையும் ஒட்டி
வீடு கட்டியிருந்தது. மினுங்கியது.
படிவத்தில் அதற்குப் பத்தியில்லை.
ஓரத்தில் எழுதினேன்.

இன்று தண்ணீர் பால் மாதிரி.

தெளிவுக்குழாயில் ஊற்றிக் குனிந்தால்
அடியிலிருக்கும் கறுப்புக்கோடு தெரியவேயில்லை.
பி.எச் காகிதம் பச்சையில் நிற்காமல்
ஊதாவுக்குப் போயிற்று.
"பத்தரை," என்றாள் டிராகனா, இன்னொரு தாளைக் கிழித்தபடி.
மறுபடி பத்தரை.

தட்டில் ரத்தப்புழுக்கள்கூட நேராகக் கிடந்தன.

குழாய் வாயிலிருந்து ஏறினோம்.
தெருவோரக் குழிகளின் இரும்பு மூடிக்குள்
போன் வெளிச்சம் அடித்து,
வெள்ளை இருக்கிற பக்கம் திரும்பி,
இல்லாத பக்கத்தை விட்டு.
மீன்கடை முனையில் இடது.
பள்ளிக்கூட வேலியோடு வலது.
ஐந்தாவது குழிக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.
சொல்லவில்லை.
எனக்குத் தெரியாத தெரு ஏதாவது
இடையில் வந்துவிடாதா என்று நடந்தேன்.

எங்கள் வாசலில் பரிதி,
முழங்கால்வரை மடித்த பேண்ட்,
பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டிய பூச்சு பக்கெட்டை
ஹோஸ் பைப்பால் அலசிக்கொண்டிருந்தான்.
ஆள் வைத்தால் நாலாயிரம் டாலர் என்று
அவனை ஒட்டச் சொன்னது நான்.
நீல டைல்ஸ் தேர்ந்தெடுத்ததும் நான்.

"அதுக்குள்ள வந்துட்டியா? டீ போடவா?"
"அந்தக் குழி எங்க போகுது தெரியுமா?"
"மழத்தண்ணி போற குழிதானே."
ஆமாம், அதேதான். மழைத்தண்ணீர் போகிற குழி.
பைப்பை மூடினான். மூடிய பிறகும்
சாய்வில் ஒரு வெள்ளைக் கோடு
அவசரமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

டிராகனா ஷூ கயிற்றைக் கட்டினாள்,
அவிழாத கயிற்றை.
பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள்.
மாசின் மூலம்: தெரியும் / தெரியாது.
தெரியும் என்பதை வட்டமிட்டால்
கீழே முகவரி கேட்கிறது.
எங்கள் கதவு எண்ணை
வங்கிக்கும் பள்ளிக்கும் விசாவுக்கும்
எத்தனை படிவத்தில் எழுதியிருப்பேன்,
கை இப்படித் தடுக்கியதில்லை.

டீ குடித்துவிட்டுத்தான் போனாள்.

இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் இறங்கிப் பார்த்தேன்.
பால் போய்விட்டது. கண்ணாடி.
அடிக் கல்லின் வரிகூடத் தெரிகிறது,
யாரும் அழகு என்றுதான் சொல்வார்கள்.
ஒரு கல்லைப் புரட்டினேன்.
இன்னொன்று.
ரயிலுக்கு ஒன்பது நிமிடம் இருந்தது.
இன்னொன்று.