பதினோரு பேர் தோண்டிய கால்வாய்

நவராத்திரி முடிந்த மறுவாரம்
வடக்கு மாட வீதியில்
மிச்சப் பொம்மைகளை எடைக்குப் போடாத குறை.
மூக்கு உடைந்த செட்டியார் நாற்பது ரூபாய்.
கிரிக்கெட் செட் ஒன்று, பதினோரு பேர்.
அம்பயர் போன வருஷமே விலைபோய்விட்டாராம்,
அதனால் பாதி விலை.
கொசுறு மாதிரி ஒரு தலையாட்டி.

பெரும்பாக்கம் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
பைக்குள் அது
ஆமாம் ஆமாம் என்றது.

எட்டாம் வகுப்பு பி பிரிவு.
தாது வருஷப் பஞ்சம்.
பசித்தவர்களுக்கு வேலை கொடுக்க
கூவத்துக்கும் அடையாறுக்கும் நடுவே
வெட்டினார்கள் பக்கிங்காம் கால்வாயை
என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
மூன்று பெஞ்சு கொட்டாவி விட்டிருந்தது.

எழுந்து மைதானத்துக்குப் போனோம்.
டிபன் ஸ்பூனால் ஒரு சாண் அகலம் கீறினோம்.

"மிஸ், இவங்க கையில பேட் இருக்கே."
"பேட் இல்லடா, மம்பட்டி" என்றான் ஜெபராஜன்.
பஞ்சத்தில் ஏது வெள்ளை பேன்ட்?
சேறு குழைத்து இடுப்பு வரை பூசினார்கள்.
தொடக்க ஆட்டக்காரர் ஒரே நிமிஷத்தில்
செங்கல்பட்டிலிருந்து நடந்து வந்தவர் ஆனார்.

"பொம்பளைங்க யாரும் தோண்டலையா?"
நான்தான் ஒளித்து வைத்திருப்பதுபோல்
தரணிகா என்னைப் பார்த்தாள்.
பையைக் கவிழ்த்துக் காட்டினேன்.
அவளே தேர்ந்தெடுத்தாள் விக்கெட் கீப்பரை.
ஏற்கெனவே குனிந்திருக்கிறார்,
கை இரண்டும் அள்ளுவதுபோலவே இருக்கிறது.
தன் சடை ரிப்பனை அவிழ்த்துச் சேலை சுற்றி
வேலம்மா என்று பேரும் வைத்தாள்.

செட்டியார் முன்னால் குவியல் குவியலாய்த் தானியம்,
எல்லாம் பெயின்ட்.
ஒரு நாள் கூலி ஒரு ராத்தல், ஓர் அணா என்றேன்.
"ராத்தல்னா?"
"அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி."
பின்னால் யாரோ விரல் மடக்கி
தன் வீட்டு ஆட்களை எண்ணுவது கேட்டது.
கேட்டது என்றால், அவ்வளவு அமைதி.

தலையாட்டியை எடுத்து, இதுதான் சர்க்கார்
என்று ஆரம்பிக்குமுன் கவியரசி சொன்னாள்,
"தெரியும் மிஸ். வீடு கணக்கெடுக்க வந்த சாரு.
நாங்க என்ன சொன்னாலும் தலைய ஆட்டுனாரு."

என் பாடக்குறிப்பு ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டோடு
முடிந்துவிடும்.
அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை.

தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார்கள்.
சரியாகச் சுடாத மண்.
சாயம் முதலில் போனது, பிறகு வேலம்மாவின் பாதம்,
பிறகு முழங்கால்.
"மிஸ், அவங்க கால்வாயாவே ஆயிட்டாங்க."
சிரிக்க ஆரம்பித்த ஜெபராஜன்
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அப்புறம் பாடம் என் கையில் இல்லை.
ஜாமெட்ரி பாக்ஸ்கள் கரையோரம் வரிசையாக வந்தன.
இது எங்க வீடு, இது சுகந்தி அக்கா இட்லிக் கடை.
ரயில் தூணுக்கு ஸ்கேலை நட்டார்கள்.
மழையில் தண்ணி எந்தப் படி வரைக்கும் ஏறும்
என்று இரண்டு பேருக்குச் சண்டை.
எனக்கு அந்தச் சந்துகளின் பெயர் தெரியாது.
கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு கவியரசி ஒவ்வொரு பெட்டியாய்ப் பொறுக்கி
மைதானத்தின் கடைசி வரை ஓடினாள்.
சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாய் எட்டு அடுக்கினாள்.
"அவ்வளவு தூரமா?"
மூச்சு வாங்கியபடி சொன்னாள்,
"இன்னும் தூரம் மிஸ். கிரவுண்டு பத்தல."

திங்கட்கிழமைத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி:
கால்வாயை வெட்டியவர் யார்?
பதினேழு விடைத்தாள்களில் வேலம்மா.
இரண்டு போட்டேன், அடித்தேன், மறுபடி போட்டேன்.
தலைமையாசிரியை ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்:
யார் இவர்? ஆதாரம்?

என் டிராயரில் ஒரு சிவப்பு ரிப்பன் இருக்கிறது,
மண் காய்ந்து விறைத்துப்போய்.
தரணிகா தினமும் வந்து கேட்கிறாள்.
ஒற்றைச் சடையில் ரிப்பன் இல்லையென்றால்
பி.டி. மிஸ் வெயிலில் நிற்க வைப்பாராம்.
துவைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.
இன்னும் துவைக்கவில்லை.