பதினான்காம் எண் அறை

காந்தி ரோட்டில், வங்காளப் பலகைகளுக்கு நடுவே
எங்கள் லாட்ஜ்.
வெளிநாட்டார் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தின் மேல்
வெகுநேரம் பேனாவை நிறுத்தியிருந்தார்
பதினான்காம் அறை இத்ரீஸ் ரமீஸ்.
பிறகு 'எழுத்தர்' என்று போட்டார்.
ஊர், வரைபடத்தில் என் விரல் மறைத்துவிடுகிற ஒரு தீவு.

மூன்றாம் வாரம், கரண்ட் போன இரவில்
இருவருக்கும் பாதி தெரிந்த இந்தியில் சொன்னார்:
அதிபருக்குப் பாதுகாப்பு ஆலோசகராம், பதினோரு வருஷம்.
"பெரிய வேலையில்லை, முனிரத்தினம்.
ராத்திரி மூன்று மணிக்குச் செய்தி வரும்.
எழுப்புவதா, விடியட்டுமா,
அவ்வளவுதான் உத்தியோகம்.
தளபதிகள் எல்லாவற்றுக்கும் எழுப்பு என்பார்கள்.
அவர் மனைவி எதற்கும் வேண்டாம் என்பாள்.
நடுவில் நான், கதவுக்கு வெளியே, செருப்பில்லாமல்."

தப்பியதுண்டா என்றேன்.
விசிறியை மறு கைக்கு மாற்றினார்.
"ஒருமுறை தூங்கவிட்டேன்.
படகுகள் வந்துவிட்டன."

அதற்குமேல் நான் கேட்கவில்லை.
கோட்டை அகழிப் பக்கமிருந்து கொசுதான் வந்தது.

இன்று இரண்டு நாற்பதுக்கு டெலிபோன்.
தத்துப்பித்து இங்கிலீஷில் ஒரு தீவுக் குரல்:
அதிபர் போய்விட்டார், அவரிடம் சொல்லுங்கள்.
போய்விட்டார் என்றால்
விமானத்திலா, ஒரேயடியாகவா?
கேட்பதற்குள் லைன் செத்தது.

ஆறு மணிக்கு அவருக்கு டயாலிசிஸ்.

மாடியேறிவிட்டேன்.
உள்ளே குறட்டை,
பல நாளுக்குப் பிறகு ஒழுங்கான குறட்டை.
சத்தம் வராமல் சாவிக்கொத்தை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன்.
செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்தது
இப்போதுதான் தெரிகிறது.