பத்துக் காசுக் கடற்குதிரை

இரவுப் பணி முடிந்து ஈஸ்ட் கோஸ்ட் வந்தால்
கடல் சற்று உள்ளே போயிருக்கும்.
காதில் ஹெட்போன், கையில் கோல்.
பியர் மூடிக்கு ஒரு முனகல்,
பார்பிகியூ கம்பிக்கு அலறல்.
காசென்றால் சுருக்கமாக, ஒரே சொல்.

இன்று ஒரு சாண் ஆழத்தில் அந்தச் சொல்.
எச்சில் தொட்டுத் துடைத்தேன்:
கறுத்த பத்துக் காசு, 1968,
நிமிர்ந்து நிற்கும் கடற்குதிரை.

அந்த வருஷம் இங்கே தரையே கிடையாது.
மேட்டை வெட்டி லாரி லாரியாகக் கொட்டும்வரை
என் தலைக்கு மேல் தண்ணீர்.
படகிலிருந்து விழுந்ததென்றால்
இன்னும் கீழே அல்லவா கிடக்கும்?
மண்ணோடு வந்ததோ,
பிறகெப்போதோ ஐஸ்கிரீம் வண்டியருகே
யாரோ நழுவவிட்டதோ.

நிழல் விழுந்தது. சீருடை.
ரிட்சுவான் என்று மார்பில் பெயர்.
“தோண்டக்கூடாது, சிஸ்டர்.”
காலால் குழியைத் தூர்த்தேன்.
அவர் காசை வாங்கி வெயிலில் திருப்பினார்,
குதிரையின் வாலில் ஒட்டிய மணலைக்
கட்டைவிரலால் தள்ளினார்.
கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார்.

“இந்த மெஷின் எவ்வளவு ஆழம் கேட்கும்?”

ஒரு அடி என்றேன்.
கடல் அதற்கும் கீழே.