வரத்தும் போக்கும்

நான்காம் மாடி. லிஃப்ட் இல்லை.
போரா காற்று படிக்கட்டு ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது.
திரியெஸ்தேயில் காற்றுக்குக்கூடப் பெயர் உண்டு.
அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இரண்டு சீட்டுகள்:
எஜீதியோ. சில்வானோ.
ஒரே சமையலறை, ஒரே பாத்திரம் கழுவும் இயந்திரம்.

என் பெயர் ஒந்தினா. சிற்றலை என்று பொருள்.
தொழிலைப் பார்த்து வைத்ததில்லை, வாய்த்தது.

"தண்ணீர் வருவதில்லை" என்றார் அண்ணன்.
"தண்ணீர் போவதில்லை" என்றார் தம்பி,
என்னிடம்தான், அவரிடம் அல்ல.
வராதது எப்படிப் போகாமல் நிற்கும் என்று
நான் கேட்கவில்லை.
வந்துபோக நாற்பது யூரோ,
தர்க்கத்துக்குத் தனி ரசீது கிடையாது.

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன்.
கதவைத் திறந்தால்
அடியில் போன வாரத்துத் தண்ணீர்,
மேலே எண்ணெய், ஒரு ரோஸ்மேரி இலை.
கோப்பையால் மொண்டு வாளியில் ஊற்றினேன்,
மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றினேன்.
வடிகட்டியைத் தொட்டேன்,
திருகாமலே கையோடு வந்தது.
யாரோ கழுவியிருக்கிறார்கள்,
பல் துலக்கும் பிரஷ் போட்டு, பளிச்சென்று.
திரும்ப வைத்தும் இருக்கிறார்கள்.
பூட்டத்தான் இல்லை.

வலப்பக்கம் கால் சுற்று.
'கடக்' என்று அது சொல்ல வேண்டும்.
சொல்லும்வரை அது வடிகட்டி அல்ல,
குழிக்கு மேல் கவிழ்ந்த தொப்பி.

"கழுவியது யார்?"
இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

கையுறை போட்டுக்கொண்டு குழிக்குள் விரல் விட்டேன்
(கண்ணாடிச் சில்லு ஒன்று கற்பித்த பாடம், மூன்று தையல்).
பம்பின் சிறு மூடியைக் கழற்றினால்
சக்கரத்தின் இறக்கையில் சிக்கிய ஆலிவ் கொட்டை,
மீன்முள், ஒயின் லேபிள் ஊறிய கூழ்.
கொட்டையை மேஜைமேல் வைத்தேன்.

"நான் ஆலிவ் தொடுவதே இல்லை" என்றார் எஜீதியோ, சுவரிடம்.
"நான் எதையும் கழுவுவதே இல்லை" என்றார் சில்வானோ, அடுப்பிடம்.
ஆளுக்கு ஒரு மறுப்பு.
இரண்டையும் சேர்த்தால்
முழு ஒப்புதல் வாக்குமூலம்.

போக்கு சரி. இனி வரத்து.

பிளக்கைச் செருகி ஓடவிட்டேன். முனகியது.
துளி இல்லை.
தொட்டிக்கடியில் குழாய் திறந்துதான் இருக்கிறது,
டியூப் எங்கும் மடங்கவில்லை,
அடித்தட்டு காய்ந்து கிடக்கிறது, மிதவை எழும்பவில்லை.
குழாயை மூடி டியூபின் கழுத்தைத் திருகிக் கழற்றினேன்.
அங்கேயும் ஒரு வடிகட்டி உண்டு,
ஐந்து சென்ட் காசு அகலம்.
வெளியே விடுகிற சல்லடையைத் தேய்க்க ஆள் உண்டு,
உள்ளே விடுகிற இதை யாரும் நினைப்பதில்லை.
அக்டோபரில் தெருக்குழாய் மாற்றினார்களாம்.
துரு, மணல், கார்ஸோ மலையின் சுண்ணாம்பு
கண்கண்ணாய் அடைத்திருந்தது.

வினிகரில் இருபது நிமிஷம் ஊற வேண்டும்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
இந்த வீட்டில் இருபது நிமிஷம் எவ்வளவு நீளம் என்று.
காப்பி வந்தது. மூன்று கோப்பை, இரண்டு நாற்காலி.
தம்பி நின்றுகொண்டே குடித்தார்.
பதினாறாம் நிமிஷம் அண்ணன் கேட்டார்:
"எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?"
நான் வாய் திறப்பதற்குள்
"வலப்பக்கம்" என்றார் தம்பி.
அவ்வளவுதான். மறுபடி காற்று.

எல்லாம் மாட்டி, குழாயைத் திறந்தேன்.
உள்ளே தண்ணீர் விழும் ஓசை.
மூன்று பேரும் கதவில் காதை வைக்காத குறை.

பாதிப் பாதியாய் இரண்டு ரசீது கேட்டார்கள்.
எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் மாடியில் இறங்கும்போது மேலே 'கடக்.'
பிறகு இன்னொரு 'கடக்.'
ஒரே கை இரண்டு முறையா, வேறுவேறு கையா, தெரியவில்லை.

முதல் மாடியில்தான் நினைவு வந்தது:
வாளியை அங்கேயே வைத்துவிட்டேன்.