ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் தோட்டம்

மில்லுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது.
அதனால் சென்னியப்பன் போகும்போது
ஃப்ரிட்ஜ் மேல், சாவிக்கொத்துக்குப் பக்கத்தில்
போனை வைத்துவிட்டுப் போகிறான்.
அதற்குள் எங்கள் தோட்டம் இருக்கிறது.
நடுவில் ஒரு குளம் இருப்பதால் தோட்டம்.
தண்ணீர் இல்லாதிருந்தால்
காடு என்றுதான் சொல்லியிருப்போம்.

அவனுக்கு ராத்திரி ஷிப்ட்டு.
நான் வெயிலுக்கு முன்னால் கிளம்பியாக வேண்டும்.
பல்லடத்துக்குத் தெற்கே பதினேழு கோழிப்பண்ணை,
ஸ்கூட்டியில் தராசு, மருந்துப் பெட்டி.
அவன் பஸ் காரணம்பேட்டை வரும்போது
நான் காமநாயக்கன்பாளையம் தாண்டியிருப்பேன்.
ஞாயிற்றுக்கிழமை ஒரே வீட்டில் இருக்கிறோம்,
அதில் பாதி அவன் தூக்கம்.

விளையாட்டில் ஒரு நாள் என்பது கால் மணி நேரம்.
நாலு நாளில் முள்ளங்கி.
லாரி வராது. எடை போட வேண்டாம்.
கோழிகளுக்கு நான் பேர் வைத்தேன்:
கனகு, டீச்சர், பொன்வண்டு.
மாட்டுக்கு அவன் வைத்த பேர்
சூப்பர்வைசர்.
தினமும் தடவிக் கொடுத்தால்தான் பால் தரும்.
"மில்லுலயும் அதே கதைதான்" என்றான்.

குளத்தோரம் ஒரு பலகை. அதில் எழுதலாம்.
"தண்ணி உட்டாச்சு. பூசணி நாளைக்கு ஆயிரும்."
"காளான் எங்க?"
"வித்துப்போட்டேன். வேலி கட்டோணுமல்ல."
"ரசத்துல உப்பு பத்தல."
"இதையெல்லாமா பலகைல எழுதுவாங்க?"
"வேற எங்க எழுதறது?"

சித்திரை பத்தொன்பது.
சுல்தான்பேட்டைப் பக்கம், மயில்ராசு பண்ணை.
பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் ரெண்டு தடவை இருமிவிட்டு நின்றது.
முப்பத்தெட்டாம் நாள் கோழி,
இன்னும் நாலு நாளில் ஏற்ற வேண்டியவை.
வாயைத் திறந்தபடி ஒன்றின் மேல் ஒன்று.
எண்ணினோம். நானூற்றுப் பதினொன்று.
அட்டையில் இறப்புக் கட்டம்
இரண்டு இலக்கத்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள்.
பேனாவைச் சாய்த்து மூன்றையும் நெருக்கி எழுதினேன்.
மயில்ராசு சம்சாரம் ஒரு சொம்பு மோரை
குடிக்கச் சொல்லாமல் கையில் வைத்தது.
"கம்பெனிக்கு நீங்கதான சொல்லோணும்?"

மூன்று மணிக்கு அவன் எழுந்திருப்பான் என்று கூப்பிட்டேன்.
எண்ணைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.
"சேரி. வண்டிய மெதுவா ஓட்டீட்டு வா."

இரண்டு தடவை குளித்தும் வாசம் போகவில்லை.
சன்னலில் காற்று அடுப்புப் பக்கம் நிற்பதுபோல் இருந்தது.
இன்றைக்குப் போனைத் தொட வேண்டாமென்று
சோற்றைப் போட்டு, அதையும் மூடி வைத்தேன்.
பத்து மணிக்கு எடுத்துவிட்டேன்.

திறந்தால் மழை.

குளம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மழை.
பலகையில்:
"கோழிப்பக்கம் போகாத. முட்டையெல்லாம் எடுத்துப் பெட்டில வெச்சுட்டேன்.
மழை வர வரைக்கும் ஆளைப் படுக்கவெச்சு எழுப்பினேன்.
ஆறு நாள் ஆச்சு. பூசணி காஞ்சுபோச்சு, திட்டாத.
சும்மா மீன் புடி."

மாதக்கணக்கில் காத்த பூசணி இல்லை;
விளையாட்டுக் கணக்கில் பன்னிரண்டு நாள்தான்,
ஆனாலும் அவன்தான் விதை வாங்கினான்.
நிறம் மாறிய கொடிகளுக்கு நடுவில் நடந்து
கரையில் நின்றேன். தூண்டில் போட்டேன்.
பழைய செருப்பு ஒன்று மாட்டியது.
மறுபடி போட்டேன்.

அந்த ஊரில் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் விழித்திருந்தால்
ஆள் மயங்கி விழுந்துவிடும்.
யாரோ தூக்கிப் படுக்கவைத்து
கொஞ்சம் காசும் எடுத்துக்கொள்வார்கள்.
சென்னியப்பன் இந்நேரம் மெஷின் நடுவில்
அறுந்த நூலை ஒட்டிக்கொண்டு நடப்பான்,
காதில் பஞ்சு, புருவத்தில் பஞ்சு,
ரெண்டு மணி அவனுக்கு டீ நேரம்.

பலகையில் எழுதினேன்:
"செருப்பு ஒண்ணு, கெண்டை மூணு.
ஆறு நாள் தடவாததுல சூப்பர்வைசருக்குக் கோவம்.
காலைல பாத்துக்கங்க.
சோறு மூடி வெச்சது அப்படியே இருக்கு, நான் திங்கல,
தயிர் ஊத்தித் தின்னுங்க."

ஆளைப் படுக்கவைத்தேன்.
சார்ஜ் போட்டு
சாவிக்கொத்தைக் கொஞ்சம் தள்ளி
ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன்.