இரண்டுக்கு வராத வண்டி

பாலிக் புலாவ் சரிவில் சேற்றுக்காக
நான்கைக் கேட்டேன்; தந்தது.
தார் ரோட்டில் இரண்டுக்குத் திருப்பினால்
பச்சை விளக்கு சிமிட்டுகிறது,
காதில் விழுந்தது, மனமில்லை
என்பதுபோல.

வளைவில் முன்சக்கரம் நொண்டியடிக்கிறது.
பின்னால் முந்நூறு கிலோ டுரியான்
துள்ளலுக்குத் துள்ளல்
முள்ளோடு முள் உரசுகிறது.

ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு.
பத்தடி ரிவர்ஸ் போய்ப் பார்,
போனில் கமலநாதன்.
போனேன். ம்ஹூம்.

அட்டையை விரித்து அடியில் படுத்தேன்.
கியர்பாக்ஸ் பக்கத்து மோட்டார்,
அதன் சாக்கெட்டுக்குள்
எறும்புகள் மண்வீடு கட்டிக் குடியிருந்தன.
சுரண்டினேன், ஊதினேன்,
ஸ்பேனரால் இரண்டு தட்டு.

டக்.

ஆயர் ஈத்தாம் வரை
ஸ்டீயரிங் ஒரு விரலுக்கு வந்தது.
கூடை இறக்கும்போது
என் கழுத்தில் நாலு எறும்பு,
இன்னும் வீடு தேடிக்கொண்டு.